வீடு திரும்பாத மனிதர்

(நல்லாயன் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நேயர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இன்று பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு. நல்லாயன் ஞாயிறு என்று நாம் அன்போடு அழைக்கும் நாள். இறையழைத்தலுக்காகத் திருச்சபை உலகெங்கும் மன்றாடுகிற நாள். நல்ல ஆயன் ஆடுகளுக்காகத் தம் உயிரைக் கொடுக்கிறார் என்று ஆண்டவர் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். யோவான் நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில், 18ஆம் வசனத்தில், அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறார். தம் உயிரை யாரும் தம்மிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாகச் சொல்கிறார்.

பறிக்கப்படுவது வேறு, கொடுப்பது வேறு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கல்வாரியில் நின்றவர்கள் ஒரு மனிதனின் உயிர் பறிக்கப்படுவதைத்தான் பார்த்தார்கள். அங்கே ஒருவர் தம்மைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கும் அவருடைய தந்தைக்கும்தான் தெரிந்திருந்தது.

இந்த வேறுபாட்டை நான் மறைநூல் வகுப்பில் படித்தேன். ஆனால் அது எனக்கு உறைத்தது, சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்தபோதுதான். அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'குவாண்டம் லீப்' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் தொடங்கியது. என்.பி.சி. தொலைக்காட்சியில் ஐந்து பருவங்கள் ஓடியது. கதை இதுதான். சாம் பெக்கட் ஓர் இயற்பியல் அறிஞர். காலத்தினூடே பயணம் செய்ய ஒரு கருவியை உருவாக்குகிறார். அதை முழுமையாகச் சோதித்துப் பார்க்கும் முன்பே அதற்குள் நுழைந்துவிடுகிறார். கண் விழித்தால் வேறொரு காலம், வேறொரு ஊர், வேறொரு மனிதரின் வாழ்க்கை. கண்ணாடியில் பார்த்தால் அவர் முகம் தெரியாது. யாருடைய இடத்தில் நிற்கிறாரோ அவருடைய முகம்தான் தெரியும்.

அந்த மனிதரின் வாழ்க்கையில் எங்கோ ஒன்று தவறிப் போயிருக்கும். அதைச் சரிசெய்தால்தான் அவர் அங்கிருந்து நகர முடியும். சரிசெய்த மறுகணமே இன்னொரு காலத்துக்கு, இன்னொருவரின் வாழ்க்கைக்குள் தூக்கி எறியப்படுவார். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரே ஏக்கம்: அடுத்த தாவலாவது வீட்டுக்குப் போகிற தாவலாக இருக்காதா?

அவருக்கு ஒரே துணை, அவருடைய நண்பர் ஆல். கடற்படை அதிகாரி. அவர் தம் காலத்திலேயே இருந்துகொண்டு, ஒளியுருவாக மட்டும் சாம் முன் தோன்றுவார். பேசலாம், வழி சொல்லலாம், தொட முடியாது. சாமாக ஸ்காட் பாக்குலாவும், ஆலாக டீன் ஸ்டாக்வெல்லும் நடித்தார்கள்.

வெளிநாட்டில் படித்த காலத்தில், ஒரு கோடை விடுமுறைக்கு உதவிக் குருவாக ஒரு சிறிய அமெரிக்கப் பங்கில் தங்கியிருந்தேன். அங்கே பங்குத்தந்தை வயதானவர். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் பணியில் இருந்தார். அவர் இந்தத் தொடர் முழுவதையும் ஒளிநாடாவில் பதிவுசெய்து வைத்திருந்தார். இரவு உணவு முடிந்ததும், "வாங்க ஃபாதர், ஒரு தாவல் போட்டுட்டு வருவோம்" என்பது போலக் கூப்பிடுவார். அப்படித்தான் கோடை முடிவதற்குள் நாங்கள் கடைசிப் பகுதிக்கு வந்து சேர்ந்தோம்.

அந்தக் கடைசிப் பகுதியைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

முதல் சம்பவம் இரண்டாம் பருவத்தின் இறுதியில் வருகிறது. சாம் 1969ஆம் ஆண்டுக்குப் போகிறார். அப்போது ஆல் வியட்நாம் போரில் காணாமல் போனவர். அவருடைய மனைவி பெத், கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் காத்திருக்கிறார். ஆல் உயிரோடுதான் இருக்கிறார். எதிரிகளின் சிறைக்கூண்டில் இருக்கிறார். ஆனால் சொல்ல ஆள் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்து பெத் இன்னொருவரை மணந்துகொள்கிறார். ஆல் விடுதலையாகித் திரும்பி வந்தபோது அவருக்கு வீடு இல்லை. பின்னாளில் அவர் எத்தனை முறை மணந்தும் அந்த முதல் அன்பின் காயம் ஆறவில்லை.

இப்போது சாம் அந்த ஊரிலேயே நிற்கிறார். ஆல் கெஞ்சுகிறார்: அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல், நான் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொல். சாம் மறுத்துவிடுகிறார். நம் சொந்த நன்மைக்காக நடந்ததை மாற்றக் கூடாது என்பது அவர்களே வகுத்த விதி. அன்றிரவு பெத் வீட்டில் தனியே இசை கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கண்ணுக்குத் தெரியாமல், கையால் தொட முடியாமல், ஆல் அவரோடு நடனமாடி விடைபெறுகிறார்.

இரண்டாம் சம்பவம் மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில். இந்த முறை சாம் வியட்நாம் போர்க்களத்தில் இருக்கிறார். அங்கே சாக வேண்டியிருந்த தன் சொந்த அண்ணனைக் காப்பாற்றிவிடுகிறார். ஆனால் அந்தப் படையோடு வந்திருந்த பெண் புகைப்படக்காரர் இறந்துபோகிறார். அவர் கடைசியாக எடுத்த படம் ஒன்று பிறகு வெளிவருகிறது. போர்க் கைதிகளை இழுத்துப் போகும் காட்சி. அதில் ஒரு முகம் ஆலின் முகம். அன்று சாம் வேறு விதமாக நடந்திருந்தால் ஆல் விடுதலையாகியிருப்பார். அது ஆலுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. நண்பனுக்கு அண்ணன் கிடைக்கட்டும் என்று தன் விடுதலையை விட்டுக்கொடுத்துவிட்டார்.

இது புனைகதை. ஆனால் கதைக்குப் பின்னால் இருந்த வலி புனைகதை அல்ல. பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பிறகு 1973இல் 591 அமெரிக்கப் போர்க் கைதிகள் வீடு திரும்பினார்கள். அதற்கு முன் அந்த வீடுகளில் எத்தனை மனைவியர், எத்தனை தாய்மார், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்! பலருடைய காத்திருப்புக்கு அதன் பிறகும் பதில் கிடைக்கவில்லை.

இப்போது கடைசிப் பகுதிக்கு வருவோம். 1993ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஒளிபரப்பானது. அதன் பெயர் 'மிரர் இமேஜ்', அதாவது கண்ணாடியில் தெரியும் உருவம்.

சாம் ஒரு சிறிய மதுக்கடைக்குள் நுழைகிறார். பென்சில்வேனியா மாநிலத்தின் சுரங்க ஊர் ஒன்று. தொடரை உருவாக்கிய டொனால்ட் பெல்லிசாரியோவின் சொந்த ஊரே அதுதான். நாள் 1953 ஆகஸ்ட் 8. சாம் பிறந்த நாள். அவர் கண்ணாடியைப் பார்க்கிறார். இந்த முறை அங்கே வேறொருவரின் முகம் இல்லை. அவருடைய சொந்த முகமே தெரிகிறது. நரை விழுந்திருக்கிறது. இத்தனை காலம் ஊர் ஊராய்த் திரிந்தவர் தன் முகத்தைப் பார்த்து நின்றுவிடுகிறார்.

கடைக்காரருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. யார் இவர்? கடவுளா, தூதரா? கதை கடைசிவரை சொல்வதில்லை. நாமும் அவசரப்பட்டு அவருக்கு ஒளிவட்டம் சூட்ட வேண்டாம். ஆனால் அவர் சாமிடம் சொல்லும் செய்தி முக்கியமானது. உன்னை யாரோ தூக்கி எறிகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உண்மையில் இந்தத் தாவல்களை நடத்துவது நீதான் என்கிறார்.

சாம் ஏற்க மறுக்கிறார். எனக்கு வேண்டியது வீடுதான் என்கிறார். அப்போது அந்தக் கடைக்காரர் எடுத்துக்காட்டாகக் காட்டுவது யாரைத் தெரியுமா? கத்தோலிக்கக் குருவை! ஒரு குருவைத் திருச்சபை பங்கு பங்காக மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனாலும் அந்த வாழ்வைத் தேர்ந்துகொண்டவர் அவர்தானே, அதற்கான பொறுப்பும் அவருடையதுதானே என்று கேட்கிறார். குருக்கள்கூட விலகிப் போகலாமே என்று சாம் பதில் சொல்கிறார். ஆம், போகலாம் என்று கடைக்காரர் ஒப்புக்கொள்கிறார். நீ தொட்ட வாழ்வுகள் வேறு வாழ்வுகளைத் தொட்டிருக்கின்றன, இன்னும் நிறைய நன்மை செய்ய உன்னால் முடியும் என்கிறார். இனி வருபவை கடினமாக இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில், எங்கே போக விரும்புகிறாய் என்று கேட்கிறார்.

ஐந்து பருவங்களாக அந்த மனிதர் ஏங்கிய வீடு இப்போது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்குத்தான் என்று அவர் வாய் சொல்கிறது. ஆனால் மனது வேறொன்றை நினைத்துக்கொள்கிறது. ஆலுக்குச் செய்யாமல் விட்ட ஒன்று பாக்கி இருக்கிறதே!

அடுத்த காட்சியில் சாம் பெத்தின் வீட்டில் நிற்கிறார். மீண்டும் 1969. மீண்டும் அதே இசை. அறிமுகமில்லாத அந்த மனிதர் அவரை அமரவைத்து, முன்பு சொல்ல மறுத்த அதே ஒரு செய்தியைச் சொல்கிறார்: ஆல் உயிரோடு இருக்கிறார், வீட்டுக்கு வருகிறார். பெத்தின் கண்கள் நிறைகின்றன. அலமாரியின் மேலிருக்கும் ஆலின் புகைப்படத்தில் காட்சி நிலைக்கிறது. பிறகு கருந்திரையில் சில வரிகள். பெத் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆலுக்கும் அவருக்கும் நான்கு மகள்கள். தங்கள் 39ஆம் திருமண நாளைக் கொண்டாடப் போகிறார்கள். கடைசியாக ஒரு வரி: டாக்டர் சாம் பெக்கட் வீடு திரும்பவே இல்லை.

அவ்வளவுதான். தொடர் முடிந்தது.

அந்த முடிவைப் பார்த்த பலருக்கு மனது உடைந்துபோனது. இத்தனை நன்மை செய்தவருக்கு இதுதான் பரிசா என்று கேட்டார்கள். 2022இல் அதே பெயரில் புதிய தொடர் ஒன்று வந்து இரண்டு பருவங்கள் ஓடியது. அதிலும் சாம் வீடு வந்து சேரவில்லை. ஆலாக நடித்த டீன் ஸ்டாக்வெல் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

எனக்கும் அன்று கோபம்தான் வந்தது. "இது அநியாயம் ஃபாதர்" என்றேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஒளிநாடாவைப் பின்னோக்கி ஓட்டி, அந்தக் குருவைப் பற்றிய காட்சியில் நிறுத்தினார். பிறகு சொன்னார்: "நான் பதினொரு பங்குகளில் இருந்திருக்கிறேன். பாதி வாழ்நாள் வரைக்கும், ஆயர் என்னை அங்கே அனுப்பினார், இங்கே அனுப்பினார் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, நான் அங்கே போனேன், இங்கே போனேன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஊர்கள் அதேதான். பெட்டி அதேதான். ஆனால் தூக்கும்போது பெட்டியின் கனம் குறைந்துவிட்டது."

அன்பான நேயர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நான் குருவான புதிதில், ஒரு கிளைப் பங்கில் இருந்தேன். தவக்காலத்தின் இறுதியில் அம்மாவுக்கு உடல்நிலை மோசமானது. புனித வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளியன்று இரவு அம்மா இறந்துவிட்டார். நான் பக்கத்தில் இல்லை. அடக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "என்ன செய்வது, விடுப்பு கிடைக்கவில்லை" என்பேன். என் தங்கையிடமும் அப்படித்தான் சொன்னேன். குருத்துவம் என் அம்மாவின் கடைசி மணி நேரத்தை என்னிடமிருந்து பறித்துக்கொண்டது என்று உள்ளுக்குள் ஒரு கசப்பை வளர்த்துக்கொண்டேன். புனித வெள்ளி வழிபாட்டில் சிலுவையை முத்தமிடும்போதெல்லாம் அந்தக் கசப்பும் நாக்கில் இருக்கும்.

ஆனால் உண்மை அதுவல்ல. விடுப்பை யாரும் மறுக்கவில்லை. "வேண்டுமானால் போய் வாருங்கள்" என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. என் பங்கு மக்களுக்குப் புனித வார வழிபாடு நடத்த வேறு குரு இல்லை. அம்மா உயிர்ப்புப் பெருவிழா வரை இருப்பார் என்று நம்பி, இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தது நான்தான். முடிவு என்னுடையது. அதன் வலியைத் தாங்க முடியாமல், வேறு யாரோ எடுத்த முடிவு போலச் சொல்லிக்கொண்டேன்.

அந்த முடிவு சரியா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் கோடை இரவில் ஒன்று புரிந்தது. நான் ஒரு காணிக்கையைக் கொடுத்துவிட்டு, அது திருடு போய்விட்டது என்று புகார் செய்துகொண்டிருந்தேன். அதனால்தான் அது காணிக்கையாகவும் ஆகவில்லை, காயமும் ஆறவில்லை. மறுநாள் காலைத் திருப்பலியில், அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்தியபோது, அந்தப் பெரிய வெள்ளி இரவையும் சேர்த்து வைத்தேன். "ஆண்டவரே, இதை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். தாமதமாகச் சொல்கிறேன், ஏற்றுக்கொள்ளும்" என்றேன். ஊருக்கு வந்ததும் தங்கையிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்ணே. அம்மாவுக்கும் தெரியும். அவன் வேலையை முடிச்சிட்டு வரட்டும்னு அம்மாதான் சொன்னாங்க" என்றாள்.

நேயர்களே, மொலோக்காய் தீவின் புனித தமியானை நினைத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியம் நாட்டவர். ஹவாயில் தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்திருந்த அந்தத் தீவுக் குடியிருப்புக்குக் குருக்கள் முறைவைத்துச் சில மாதங்கள் போய் வருவது என்றுதான் ஏற்பாடாகியிருந்தது. 1873இல் முதலில் போன தமியான், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். நோய் அவரையும் தொற்றியது. 1889இல் அந்த மக்கள் நடுவிலேயே இறந்தார். உயிரோடு அவர் பெல்ஜியத்துக்குத் திரும்பவே இல்லை. ஒரு வரியில் எழுதினால் அதே வரிதான்: வீடு திரும்பவே இல்லை. ஆனால் அதைத் தோல்வியின் வரியாக யாராவது வாசிப்போமா? 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உண்மையாகவே பறிக்கப்படும் வாழ்வுகள் உண்டு. குடிக்கும் கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் போய், "இதைக் காணிக்கையாகக் கொடுத்துவிடு" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கூலி மறுக்கப்படும் தொழிலாளியிடம் சொல்லவும் உரிமை இல்லை. அது கொடுத்தல் அல்ல, கொள்ளை. அங்கே நம் கடமை காப்பாற்றுவதும் குரல் கொடுப்பதும்தான். விலகிப் போக வழி இருந்தால்தான் இருப்பது அன்பாகும். நல்லாயன் கூலியாள் அல்ல, ஓநாயைக் கண்டால் ஓடமாட்டார். ஆனால் ஆட்டைப் பார்த்து, ஓநாய்க்கு உன்னைக் கொடுத்துவிடு என்றும் அவர் சொன்னதில்லை.

நான் பேசுவது வேறு சிலரிடம். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குப் பத்து ஆண்டுகளாகக் கஞ்சி ஊட்டும் மருமகளே, உங்களிடம். தம்பி தங்கைகள் படிக்கட்டும் என்று வளைகுடா நாட்டில் வெயிலில் நின்று, தன் இளமையை அங்கேயே விட்ட அண்ணனே, உங்களிடம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்காக வேலையை விட்ட தாயே, உங்களிடம். "என் வாழ்க்கையே போய்விட்டது" என்று சில இரவுகளில் உங்களுக்குத் தோன்றும். தோன்றாமல் இருக்காது. அப்போது கண்ணாடி முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நரை தெரியும். களைப்பு தெரியும். கூடவே, இதைத் தினமும் தேர்ந்துகொள்கிற ஒரு மனிதரின் முகமும் தெரியும். ஓடிப்போகக் கதவு திறந்திருந்த நாள்களிலும் நீங்கள் இருந்தீர்களே! அது பறிக்கப்பட்ட வாழ்வு அல்ல. நீங்கள் கொடுத்த வாழ்வு.

சாம் செய்ததில் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் யாருக்காக வீட்டை விட்டுக்கொடுத்தாரோ, அந்த ஆலுக்கு நடந்ததெல்லாம் தெரிந்திருக்குமா? வரலாறே மாறிவிட்டது. தனக்கு ஒரு துயரம் இருந்தது என்பதுகூட அவர் நினைவில் இல்லாமல் போயிருக்கலாம். நன்மை பெற்றவருக்கே தான் பெற்றது தெரியாத நன்மை அது! வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் கற்பித்தது இதைத்தான். மறைவாய் உள்ளதைக் காணும் தந்தைக்கு மட்டும் தெரிந்த நன்மைகளால்தான் நம் குடும்பங்கள் இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன.

பெத்துக்குத் தேவைப்பட்டது எவ்வளவு சிறிய செய்தி என்பதையும் பாருங்கள். பணம் இல்லை, அறிவுரை இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரே ஒரு சொல். காலியான கல்லறையின் முன் பெண்கள் கேட்டதும் இதே செய்திதானே? எம்மாவுக்கு நடந்த இருவரும் இரவோடு இரவாக எருசலேமுக்குத் திரும்பி ஓடியது இந்தச் செய்திக்காகத்தானே? குருக்களும் துறவியரும் வீட்டை விட்டுப் புறப்படுவது வேறு எதற்கும் அல்ல. காத்திருந்து களைத்துப்போன வீடுகளின் கதவைத் தட்டி, அவர் உயிரோடு இருக்கிறார், வருகிறார் என்று சொல்வதற்குத்தான். உங்கள் மகனோ மகளோ அந்தச் செய்தியைச் சுமக்க ஆசைப்பட்டால், தயவுசெய்து தடுக்காதீர்கள். தள்ளவும் தள்ளாதீர்கள். தாங்களாகவே கொடுக்கட்டும்.

நம்மிடம் காலப் பயணக் கருவி இல்லை. 1969க்கும் போக முடியாது, போன வாரத்துக்கும் போக முடியாது. ஆனால் இன்று நம் கையில் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு வார்த்தைக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கலாம். பேச்சு நின்றுபோன அண்ணன், திருமணத்தில் மனம் கசந்து விலகிய மகள், முதியோர் இல்லத்தில் இருக்கும் அப்பா. இன்று மாலைக்குள் அந்த வாசலுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் தொலைபேசியையாவது எடுங்கள்.

முடிக்கும் முன் ஒரு சிறிய செய்தி. அந்தத் தொடரின் கடைசி வரியில், சாம் பெக்கட்டின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் அவர் பெயரின் முடிவில் இரண்டு எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. ஐந்து பருவங்கள் மற்றவர்களுக்காக ஓடியவரின் பெயரைக் கடைசியில் சரியாக எழுதக்கூட யாரும் கவனிக்கவில்லை! உலகம் அப்படித்தான். நீங்கள் உழைத்த இடத்தில் உங்கள் பெயர் இல்லாமல் போகலாம். கல்வெட்டில் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நம் பெயர்களைத் தம் உள்ளங்கையில் பொறித்துவைத்திருப்பதாக இறைவாக்கினர் எசாயா வழியாக ஆண்டவர் சொல்கிறார். அந்தக் கையில் எழுத்துப் பிழை இல்லை.

அந்தக் கை இருக்கும் இடம்தான் நம் வீடு. அங்கே, வீடு திரும்பாதவர் என்று யாரும் இருக்கமாட்டார்.

செபிப்போம். நல்ல ஆயரே எம் இறைவா, எங்களிடமிருந்து பறிபோனதாக நாங்கள் அழுதவற்றை எல்லாம் இன்று உம் முன் வைக்கிறோம். அவற்றுள் நாங்களே அன்போடு கொடுத்தவை எவை என்று எங்களுக்குக் காட்டும். உண்மையாகவே பறிக்கப்பட்டவர்களுக்கு நீதியையும், அவர்களுக்குத் துணைநிற்க எங்களுக்குத் துணிவையும் தாரும். உமக்காகவும் உம் மக்களுக்காகவும் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களைக் காத்தருளும். காத்திருக்கும் தாய்மாரைத் தேற்றும். நாங்கள் அனைவரும் ஒரு நாள் உம் இல்லத்தில் ஒன்றாய்ச் சேர அருள்புரியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.